ஆற அமர

செவ்வாய்க்கிழமை பழைய பிளாஸ்கின் வயிற்றுக்குள்
ஒரு சிரிப்புச் சத்தம்.
குலுக்கிப் பார்த்தேன்.
கண்ணாடிச் சில்லறை நிறைந்த உண்டியல்.

மொந்தெவிதேயோவில் பிளாஸ்க் இல்லாதவள்
பாதி உடுத்தியவள்.
இடது கக்கத்தில் பிளாஸ்க்,
இடது உள்ளங்கையில் மாத்தே இலை நிரப்பிய சுரைக்குடுவை.
மிச்சமிருக்கும் ஒற்றை வலது கையால்தான்
இந்த ஊர் கதவு திறக்கிறது,
பஸ்ஸை நிறுத்துகிறது,
நாயை இழுத்துப் பிடிக்கிறது.

என் கணவர் பெயர் வாஷிங்டன்.
அமெரிக்காவைப் பார்த்ததில்லை;
எங்கள் தெருவில் மட்டும் மூன்று வாஷிங்டன்கள்.
"நீபியா, வாங்குவதை நல்லதாக வாங்கு" என்றார்.
நல்லது என்றால் பச்சை நிறம், எஃகு,
என் சம்பளத்தில் கால்வாசி, பன்னிரண்டு தவணை.
பெட்டியில் அச்சடித்திருந்தது:
இருபத்து நான்கு மணி நேரம் சூடு ஆறாது.

நான் மருந்துக் கிடங்கில் கணக்கு சரிபார்ப்பவள்.
எழுதியிருப்பதை நம்பினால்
எனக்கு வேலையே இல்லை.

சுல்மாவிடம் பச்சை எஃகை இரவல் கேட்டேன்.
தார்தோவிடம், பிரேசில் எல்லையில் வாங்கிய கண்ணாடி ரகம்.
சந்தைக் கடைக்காரனைக் கெஞ்சி
பெயரில் ஓர் எழுத்து மட்டும் பிசகிய போலி.
ஞாயிறு காலை ஏழு மணி,
மூன்றிலும் எண்பது டிகிரி.
அதற்கு மேல் போனால் இலை வெந்து
கசப்பு நாக்கைவிட்டு இறங்காது.
மேசைமேல் மூன்றும்
பரீட்சைக்கு வந்த பிள்ளைகளாய் வாய்மூடி நின்றன.
"ஒரு மணி வரை யாரும் திறக்கக் கூடாது"
தாளில் எழுதி ஒட்டினேன்.

யாரும் என்றால் வாஷிங்டன்.

பத்து மணிக்கு மேசையை ஒரு சுற்று வந்தார்.
பத்தரைக்கு, "வெயில் வந்திருக்கிறது, பார்த்தாயா?"
ஜூலை வெயில் தூரத்துச் சொந்தக்காரி.
வாசலுக்கு வரும்போது எழுந்து போகாவிட்டால்
அடுத்த வாரம் எட்டிப்பார்க்க மாட்டாள்.

மூன்றையும் தூக்கிக்கொண்டு கரைச்சாலைக்குப் போனோம்.
பார்த்தால் கடல்; உண்மையில் அது ஆறு,
எதிர்க்கரை தெரியாத, பால் குறைந்த டீ நிறத்து ஆறு.
கல்சுவரில் உட்கார்ந்தோம்.
பிளாஸ்க் பத்திரமா என்று பார்க்க வந்த சுல்மா
மகனின் விவாகரத்தைச் சொல்லத் தொடங்கினாள்.
தார்தோவின் தூண்டிலில்
மீனைத் தவிர எல்லாம் மாட்டியது.
முகம் தெரியாத ஒருத்தி
வெந்நீர் தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றாள். ஊற்றினேன்.
ஆற அமர உட்கார்ந்தோம்,
ஆற விடாமல் குடித்தோம்.
போலி முதலில் காலி. பிறகு பிரேசில்.
பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
பச்சை எஃகும் கடைசிச் சொட்டைத் துப்பியது.

வெப்பமானி என் கோட்டுப் பையைவிட்டு
வெளியே வரவேயில்லை.

வரும் வழியில் கணக்குப் போட்டேன்.
ஒரு லிட்டர், ஐந்து வாய்.
இருபத்து நான்கு மணி நேரம் யாருக்கு?

வாஷிங்டனின் நெஞ்சைத் திறந்த இரவு
ஆஸ்பத்திரி வராந்தாவில்
நிரப்பியது நிரப்பியபடி இருந்தது ஒரு பிளாஸ்க்.
விடிந்தபோது பச்சைத் தண்ணீர்.
அன்றைக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கலாம்.
அன்றைக்கு நான் குடித்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை கடையில்
பையன் உத்தரவாதச் சீட்டை விரித்தான்.
"அது இருக்கட்டும் தம்பி" என்று
பச்சையைக் கக்கத்தில் இடுக்கி
கடையின் நீளத்துக்கு நடந்தேன்.
பருமன். விலாவில் இடித்தது.
ஊர் பேர் தெரியாத நீலம் ஒன்று இருந்தது.
"எட்டு மணி நேரம்தான் தாங்கும் அம்மா."
இடுக்கிக்கொண்டு குனிந்தேன், கதவு திறந்தேன்,
இல்லாத நாயை இழுத்தேன்,
பொய்யாக ஒரு தும்மல்.
நழுவவில்லை. மூக்கும் ஒழுகவில்லை.
எனக்கல்ல, பிளாஸ்குக்கு.
ரொக்கமாகக் கொடுத்தேன்.

வாஷிங்டனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.
"கொஞ்சம் ஆறின மாதிரி இல்லை?" என்கிறார்,
அடுத்ததற்குக்
கை நீட்டியபடி.